போட்டோவை பார்த்து ரேட் சொன்னால் கூலி போச்சு: ஜாப் ஆர்டர் பட்டறைகள் கொட்டேஷன் போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கோவை:-

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் என எந்தப் பக்கம் போனாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கும். பம்பு, மோட்டார், கிரைண்டர், டெக்ஸ்டைல் எந்திரங்களுக்கான உதிரி பாகங்களை ஜாப் ஆர்டர் எடுத்து செய்து கொடுப்பதுதான் இங்குள்ள பல குறுந்தொழில் கூடங்களின் பிழைப்பு. ஒன்றிரண்டு எந்திரம், இரண்டு மூன்று ஆட்கள். முதலாளியும் எந்திரத்தில் நின்று வேலை பார்க்கும் பட்டறைகள்தான் ஏராளம்.

முன்பெல்லாம் சாம்பிள் பீசை கையில் கொண்டு வந்து கொடுத்து, இதேபோல் 100 பீஸ் வேண்டும் என்பார்கள். வெர்னியர் வைத்து அளந்து பார்த்து ரேட் சொல்லி விடலாம். இப்போது டிசைன் பைல் வாட்ஸ்-அப்பிலும், இ-மெயிலிலும் வருகிறது. அதே பைல் நாலைந்து பட்டறைக்கும் போகிறது. சாயங்காலத்துக்குள் ரேட் சொல்லாவிட்டால் ஆர்டர் கைமாறி விடுமே என்ற அவசரத்தில், செல்போனில் படத்தை பார்த்தே விலை சொல்லி விடுகிறார்கள். பீஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் கையை கடிப்பது தெரிகிறது.

எந்த பைலில் என்ன இருக்கும்?

பார்ட்டி அனுப்பும் பைல்கள் எல்லாம் ஒன்று கிடையாது.

* டி.எக்ஸ்.எப். பைல், தகடு வெட்டும் லேசர் கட்டிங் வேலைக்கு அதிகம் வருவது. இதில் மில்லி மீட்டரா, இஞ்சா என்ற குழப்பம் வரும். ஒரு இஞ்ச் என்பது 25.4 மில்லி மீட்டர். மாறினால் பீஸ் 25 மடங்கு பெரிதாகவோ, சிறிதாகவோ போய் விடும். ஏதாவது ஒரு அளவையாவது பார்ட்டியிடம் கேட்டு சரிபார்க்க வேண்டும்.

* ஸ்டெப் பைல், பீசின் முழு உருவத்தையும் காட்டும். வி.எம்.சி. எந்திரத்துக்கு புரோகிராம் போட இதுதான் வசதி.

* எஸ்.டி.எல். பைல், திரீ-டி பிரிண்டிங்குக்கானது. உருவத்தை சின்னச் சின்ன முக்கோணங்களாக வைத்திருக்கும். வட்டம் கூட நிஜ வட்டமாக இருக்காது. எந்த அளவு முறை என்பதும் அதில் இருக்காது. இதை மட்டும் நம்பி சி.என்.சி. வேலைக்கு ரேட் போடக்கூடாது.

* பி.டி.எப். டிராயிங்கில்தான் விலையை ஏற்றி இறக்கும் விஷயங்கள் எல்லாம் இருக்கும். மெட்டீரியல் என்ன, டாலரன்ஸ் எவ்வளவு, மரை எத்தனை, பினிஷிங் எப்படி, ஹார்டனிங் உண்டா என்பதை இதில்தான் படிக்க வேண்டும்.

ஸ்டெப் பைல் மட்டும் வந்தால், டிராயிங்கும் வேண்டும் என்று கேட்டு வாங்குவதே நல்லது.

ஒரு எழுத்து, இரண்டு ரேட்

20 மில்லி மீட்டர் துளை ஒன்று போட வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். டிராயிங்கில் பொது அளவாக ஐ.எஸ்.ஓ. 2768 மீடியம் என்று இருந்தால், 0.2 மில்லி மீட்டர் கூடவோ, குறையவோ இருக்கலாம். டிரில் போட்டாலே வேலை முடிந்தது. அதே 20-க்கு பக்கத்தில் எச்7 என்று எழுதியிருந்தால் கதையே வேறு. குறையவே கூடாது, கூடினாலும் 0.021 மில்லி மீட்டருக்குள் நிற்க வேண்டும். டிரில்லுக்கு பிறகு ரீமர் அல்லது போரிங், அதை சோதிக்க பிளக் கேஜ் என நேரமும், செலவும் கூடும். செல்போன் திரையில் கண்ணுக்கு தப்பும் அந்த ஒரு எழுத்துதான் ரேட்டையே மாற்றுகிறது.

ரேட் எப்படி கணக்கு போடுவது?

முதலில் மெட்டீரியல். 50 மில்லி மீட்டர் விட்டம், 100 மில்லி மீட்டர் நீளமுள்ள இரும்பு ராடு சுமார் 1,540 கிராம் எடை வரும். கடைந்து முடித்த பீஸ் 900 கிராம்தான் இருக்கும் என்றாலும், 1,540 கிராமுக்கும் காசு கொடுத்தாக வேண்டும். பீசை வெட்டி எடுக்கும்போது சேதாரமாகும் இரும்பும் இதில் சேரும். மெட்டீரியல் பார்ட்டி கொடுப்பது என்றால், ஸ்கிராப் யாருக்கு, பீஸ் ரிஜெக்ட் ஆனால் மெட்டீரியல் காசு யார் தலையில் என்பதை முதலிலேயே பேச வேண்டும்.

அடுத்தது செட்டிங். ஒரு வேலைக்கு செட்டிங் போட 2 மணி நேரம் ஆகிறது என்றால், 1,000 பீசுக்கு பிரித்தால் ஒரு பீசுக்கு 7 வினாடி. 10 பீசுக்கு பிரித்தால் 12 நிமிடம். ஆயிரத்துக்கு சொன்ன ரேட்டில் பத்து பீஸ் மட்டும் ஆர்டர் கொடுத்தால் நஷ்டம்தான். அதனால் 10-க்கு ஒரு ரேட், 100-க்கு ஒரு ரேட், 1,000-க்கு ஒரு ரேட் என்று தனித்தனியாக எழுதுவது பாதுகாப்பு.

புரோகிராம் நேரத்தை மட்டும் நம்புவதும் தப்பு. புரோகிராமில் 3 நிமிடம் என்றால் மணிக்கு 20 பீஸ் என்று கணக்கு வரும். பீசை மாட்டி, கழற்றி, அளந்து பார்க்க 1 நிமிடம் போனால் 15 பீஸ்தான் விழும். 8 மணி நேர ஷிப்டில் 40 பீஸ் குறைகிறது. இதோடு கரண்ட் பில், டிப் தேய்மானம், வெளியே கொடுத்து வாங்கும் ஹார்டனிங், பிளேட்டிங் செலவு, வண்டி வாடகை எல்லாம் சேர வேண்டும். ஜி.எஸ்.டி. தனி என்று எழுதி விட வேண்டும்.

ரிவிஷன் நம்பர் முக்கியம்

பார்ட்டி டிராயிங்கை நடுவில் மாற்றுவது சகஜம். அப்போது ரிவிஷன் ஏ என்பது ரிவிஷன் பி ஆகும். பழைய பிரிண்டை வைத்து ஓட்டி விட்டால் மொத்த லாட்டும் திரும்பி வந்து விடும். கொட்டேஷனிலும், பர்சேஸ் ஆர்டரிலும் டிராயிங் நம்பரும், ரிவிஷன் நம்பரும் இருந்தால், தப்பு யாருடையது என்று பேச கையில் ஆதாரம் இருக்கும். புது ரிவிஷன் வந்ததும் பழைய பிரிண்டை எந்திரத்து பக்கத்திலேயே வைக்கக்கூடாது.

பணம் வராவிட்டால்?

உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில் கூடங்களுக்கு 2006-ம் ஆண்டு சட்டம் துணை இருக்கிறது. எழுதி போட்ட ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டை போல 3 மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக கேட்கலாம். வசதியாக்க மன்றத்தில் புகாரும் கொடுக்கலாம். சரக்கில் குறை இருந்தால், டெலிவரி ஆன 15 நாளுக்குள் பார்ட்டி அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அப்படி தெரிவிக்காவிட்டால், டெலிவரி ஆன நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாக கருதி நாள் கணக்கு ஓடும். உத்யம் பதிவுக்கு கட்டணம் கிடையாது.

வாயால் சொன்ன ரேட்டுக்கு இதில் எல்லாம் சாட்சி இல்லை. எத்தனை அவசரம் என்றாலும் டிராயிங் நம்பர், ரிவிஷன், மெட்டீரியல் யாருடையது, எத்தனை பீஸ், ரேட் எத்தனை நாளுக்கு செல்லும், பணம் எத்தனை நாளில் என்ற ஆறையும் எழுதி அனுப்பி விட்டால் போதும். அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரம்தான் ஒரு மாத கூலியை காப்பாற்றுகிறது.