மாடு தண்ணீர் குடிக்கிறது

பாளையங்கோட்டையில் என் பெரியம்மாவின் வீட்டில் மாலை ஐந்து மணிக்கு மேல் தினந்தோறும் ஒரு பிரயாண ஏற்பாடு நடைபெறும். எண்பத்திரண்டு வயதான பெரியம்மா ஒரு துணிப்பையை எடுத்து, அதில் சீப்பு ஒன்று, கரண்டி இரண்டு, முதல்நாள் செய்தித்தாள், சில சமயம் யாருடையதோ ஒற்றைச் செருப்பு ஆகியவற்றை அடுக்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள தம் பிறந்த ஊருக்குப் போய்ச் சேராவிட்டால் அப்பா வாசலிலேயே காத்துக்கொண்டிருப்பார் என்று சொல்லியபடி நடையில் வந்து நிற்பார். "இதுதானே அத்தை உங்க வீடு? தாத்தா காலமாகி நாப்பது வருஷம் ஆச்சே" என்று மருமகள் பொறுமையாகவே எடுத்துச் சொல்வாள். அந்தச் செய்தியை அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலப் பெரியம்மா வாய்விட்டு அழுவார். மறுநாளும் அதே பை, அதே விடை, அதே அழுகை. என்றோ ஒருமுறை இறந்த மனிதர், உண்மையே பேச வேண்டும் என்ற வைராக்கியமுள்ள ஒரு குடும்பத்தில், அன்றாடம் ஒருமுறை இறந்துகொண்டிருந்தார்.

வயதானால் அப்படித்தான் என்று நாமும், அறளை பெயர்ந்துவிட்டது என்று யாழ்ப்பாணத்தாரும், டிமென்ஷியா என்று வைத்தியர்களும் சொல்வது இந்த நிலையைத்தான். ஆனால் வயதானால் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. கலியாண வீட்டில் எதிரே வந்து கும்பிடுகிறவரின் பெயர் நாக்கில் வராமல் திண்டாடுவது முதுமையின் சுபாவம். அறுபது வருஷம் ரசம் வைத்த கை, புளியைக் கரைத்துவிட்டு, அடுத்தது என்னவென்று தெரியாமல் அடுப்பின் முன் திகைத்து நிற்பது வியாதி. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், இந்நிலையில் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது.

இவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளது, அல்சைமர் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயரால் வழங்கும் நோய். 1901-இல் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் அவர் பரிசோதித்த ஆகுஸ்டே டேட்டர் என்ற மாதுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்றுதான். அவளிடம் முதலில் தலைகாட்டியது மறதிகூட அல்ல, கணவன்மீது காரணமற்ற சந்தேகம். 1906-இல் அவள் இறந்தபின் மூளையை உருப்பெருக்கியில் பார்த்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு இடையே படிந்த அழுக்குத் திட்டுக்களையும் அணுக்களுக்குள்ளேயே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டு அவ்வாண்டே டூபிங்கன் நகரில் அறிவித்தார். இந்த நாசம் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் முதலில் பற்றுகிறது. இன்று நடந்ததை நாளைக்காகப் பதிந்து வைக்கும் கணக்குப்பிள்ளை அந்தப் பகுதிதான். ஆகவே காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகத்தில் நிற்பதில்லை, எழுபது வருஷத்துக்கு முந்திய வில்வண்டியோ வாசலில் வந்து நிற்கிறது.

எல்லா மறதியும் இந்த நோய் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, கீழே விழுந்ததில் மூளையின்மேல் தேங்கிய ரத்தம், கடும் மனச்சோர்வு ஆகியவையும் இதே வேஷத்தில் வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சுமாராக இருந்தவர் இரண்டே நாளில் பிதற்றத் தொடங்கினால், மூத்திரப் பாதையில் கிருமி சேர்ந்ததோ மலச்சிக்கலோ காரணமாயிருக்கலாம். முதலில் வைத்தியரிடம் போவதுதான் முறை. அல்சைமர் நோய்க்கோ, வேகத்தைச் சற்றுத் தணிக்கும் மருந்துகள் உண்டேயன்றி, போன ஞாபகத்தை மீட்டுத் தரும் மருந்து இன்னும் இல்லை.

அப்படியானால் வீட்டாரின் கையில் என்னதான் இருக்கிறது? இதற்கு விடையாக எனக்குத் தோன்றுவது, ஜெனீவாவில் கிளாபரேட் என்ற உளவியல் நிபுணர் 1911-இல் எழுதிவைத்த ஒரு சிறு பரிசோதனை. அவரிடம் இருந்த ஒரு பெண்மணிக்கு (அவளுடையது வேறுவகை ஞாபக நோய்) தினமும் பார்க்கும் வைத்தியரைக்கூட அடையாளம் தெரியாது. ஒருநாள் கிளாபரேட் விரலிடுக்கில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவள் கையைக் குலுக்கினார். குத்திய ஊசியைச் சற்றைக்கெல்லாம் அவள் மறந்துவிட்டாள். ஆனால் மீண்டும் அவர் கைநீட்டியபோது, ஏன் என்று சொல்லத் தெரியாமலே, தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நிகழ்ச்சி போய்விட்டது, அதன் ருசி போகவில்லை. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான சலனப்படங்களையும் வேடிக்கையானவற்றையும் காட்டி அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் இதுவே புலனாயிற்று: படம் நினைவிலிருந்து அகன்ற பிறகும் அது உண்டாக்கிய துக்கமும் சந்தோஷமும் தங்கியிருந்தன. "எப்படியும் மறந்துவிடுவாள்" என்று சொல்லி அதட்டுகிறவர்கள், ஊசியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே கைநீட்டுகிறார்கள்.

பெரியம்மா வீட்டில் இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்தவள், எந்த ஆராய்ச்சியையும் அறியாத வேலைக்காரப் பெண். ஒரு மாலை மருமகள் கடைக்குப் போயிருந்த சமயம், "ஏட்டி, வண்டி பூட்டியாச்சா?" என்று பெரியம்மா கேட்க, அவள் பாத்திரத்தைத் துலக்கியபடியே, "மாடு தண்ணி குடிக்கி ஆச்சி. குடிச்சதும் பூட்டிருவோம். அதுக்குள்ள நீங்க ஒரு வாய் காப்பி குடிங்க" என்றாள். பெரியம்மா உட்கார்ந்தார். மாட்டுக்கு என்ன பெயர், மச்சமுண்டா, யார் ஓட்டுவார் என்று அவள் கேட்கக் கேட்க, பெரியம்மா சொல்லச் சொல்ல, விளக்கு வைக்கும் நேரமாகி, பிரயாணம் மறந்துபோயிற்று. ஜெர்மனியில் டுசெல்டோர்ப் நகரத்து பென்ராத் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில், பஸ்ஸே வராத பஸ் நிறுத்தம் ஒன்றை நிறுவியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகவேண்டும் என்று பதறி வெளியேறுகிறவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க, பதற்றம் அடங்கியதும் பணியாளர் வந்து உள்ளே அழைத்துப் போகிறார். எங்கள் வேலைக்காரப் பெண்ணுக்குப் பெஞ்சுகூடத் தேவைப்படவில்லை.

இது பொய்யல்லவா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், மருமகளே கேட்டாள். பெரியம்மா விசாரித்தது வண்டியைப் பற்றி அல்ல, பொழுது சாயும்போது தமக்கென்று ஓர் இடமும் தம்மைத் தேடுகிற ஒரு மனிதரும் உண்டா என்பதைத்தான் என்று வைத்துக்கொண்டால், காப்பியோடு வந்த விடை உண்மையான விடையே என்பது என் அபிப்பிராயம்.

மற்றக் காரியங்களிலும் இந்தக் கண்ணோட்டம் உதவுகிறது. தலையில் திடீரென்று தண்ணீர் விழுவது இந்நோயாளிகளுக்குத் தாக்குதலாகப் படும். ஆகையால் வெந்நீரைக் காலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு செம்புக்கும் சொல்லிச் சொல்லி ஊற்ற வேண்டும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர்கள் கண்ணுக்குத் தட்டுப்படாமலே போகலாம். வாழையிலையில் இட்டால் தெரியும். சந்தேகம்தான் கொடியது. தம் வளையலைத் தாமே உளுந்து டப்பாவில் ஒளித்துவிட்டு, ஒளித்ததையும் மறந்து, "மருமகள் திருடிவிட்டாள்" என்று தெருக்கேட்கச் சொன்னார் பெரியம்மா. அங்கே சாட்சி கூப்பிட்டு வழக்காடிப் பயனில்லை. "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்பதே செய்யக்கூடியது.

சொல்வது எளிது. பெற்றவர்களை இல்லத்தில் விடுகிற வழக்கம் எங்கள் குலத்தில் இல்லை என்று பெருமை பேசும் குடும்பங்களில், அந்தப் பெருமையின் முழுப் பாரமும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் முதுகில்தான் ஏறியிருக்கிறது. இரவில் மூன்றுமுறை எழுந்து, காலையில் திருடி என்று பெயர் வாங்கி, மாலையில் காருண்யத்தோடு பேசு என்று என்போன்றவர்களின் உபதேசத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டியவள் அவள். வாரத்தில் ஒரு முழு நாள் வேறொருவர் வந்து உட்கார்ந்தால்தான் அவளிடம் பொறுமை மிஞ்சும். கேரளத்தில் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கத்தைப் போன்றவையும், சென்னையில் ஸ்கார்ப் போன்ற நிறுவனங்களும் இந்நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் உதவுகின்றன. ஊரில் உள்ள மகன்களும் மகள்களும் முறைபோட்டுக்கொள்வதற்கு எந்தச் சங்கமும் தேவையில்லை.

சென்ற தை மாதம் நான் போயிருந்தபோது பெரியம்மாவுக்கு மருமகளின் பெயர் அடியோடு மறந்திருந்தது. மாலையில் வழக்கம்போலப் பையோடு நடைக்கு வந்தவர், சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த அவளைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வேலைக்காரப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வண்டியில அந்தப் பிள்ளையையும் ஏத்திக்கோட்டி. பாவம், காலையிலேர்ந்து நிக்கா."