குழாயில் நீர் வந்தது. கழிவுநீர் எங்கே போவது?

யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களுக்கான நீர் வழங்கல், சுகாதாரத் திட்டத்திற்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவி வழங்க ஒப்புக்கொண்டது 2010 ஆம் ஆண்டின் இறுதியிலாகும். வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவினால் திறந்து வைக்கப்பட்டது 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2 ஆம் திகதியாகும். இவ்விரண்டுக்கும் இடையே கழிந்தவை ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள். முதலாவது ஆண்டில் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை உயர்தரப் பரீட்சையையும் முடித்துவிடக்கூடிய காலம் இது.

இத்தாமதத்தைக் கண்டித்து எழுதுவது எளிது. பல தடவைகள் பலரும் எழுதியுமாயிற்று. அது எங்கெங்கே விளைந்தது, அதில் எது தவிர்க்கப்பட்டிருக்கலாம், எது தவிர்க்க முடியாதது என்று பிரித்துப் பார்ப்பதே இப்போது பயனுடையது என நாம் கருதுகிறோம். ஏனெனில், அதே திட்டத்தின் மற்றைய பாதியாகிய கழிவுநீர் அகற்றும் பணி இன்னமும் நம் முன்னே கிடக்கிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடுவது. மயோசீன் காலச் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே கிணற்று நீராகிறது. கடல்நீரின் மீது மிதக்கும் இந்த நன்னீர் வில்லையை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர்நீர் மேலெழும். மேலே தோட்டங்களில் இடப்படும் இரசாயனப் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளின் வழியாக இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை கடக்கப்பட்டுள்ளமையை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டி வந்துள்ளனர். சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் 20 மில்லியன் ரூபா இழப்பீட்டுத் தீர்ப்பில் முடிந்தது. நிலத்தடி நீர் ஒன்றையே நம்பியிருக்க முடியாது என்பதில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. நீர் எங்கிருந்து வரவேண்டும் என்பதிலேதான் எல்லாத் தாமதமும் தொடங்கியது.

முதலில் வகுக்கப்பட்ட திட்டம் இரணைமடுவை நம்பியது. குளத்தின் நீர் மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தி, மேலதிகமாகத் தேங்கும் நீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து வடக்கே அனுப்புவதென்பது பொறியியலாளர்களின் கணக்கு. கடதாசியில் அது சரியாகவே இருந்தது. ஆனால் கிளிநொச்சி விவசாயியின் கணக்கு வேறு. காலபோகத்தில் விதைக்கும் நிலத்தின் ஒரு பங்கிற்கே சிறுபோகத்தில் நீர் கிடைக்கும் நிலையில், மழை பொய்க்கும் ஆண்டில் முதலில் பூட்டப்படுவது யாழ்ப்பாணக் குழாயா, தனது வாய்க்காலா என்று அவர் கேட்டார். போரில் எல்லாம் இழந்து, மீள்குடியேறிய ஓரிரு ஆண்டுகளில் இக்கேள்வியைக் கேட்டவரைச் சுயநலமி என்று சொல்ல நாம் தயாரில்லை. அவருக்கு எழுத்தில் ஒரு விடை கொடுத்திருக்க வேண்டும். வறட்சி ஆண்டில் எந்த மட்டத்துக்குக் கீழ் நீர் இறங்கினால் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும், அதை யார் தீர்மானிப்பது, பயிர் அழிந்தால் இழப்பீட்டை யார் செலுத்துவது என்ற மூன்று விடயங்களும் கடன் உடன்படிக்கைக்கு முன்பே தீர்க்கப்பட்டிருக்க வேண்டியவை. அவை பின்னர் பேசப்பட்டன. அதற்குள் விவகாரம் அரசியலாகிவிட்டது. 2013 செப்டெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையும் விவசாயிகளின் பக்கம் நின்று மாற்று வழி கேட்டது. யாழ்ப்பாணமா, கிளிநொச்சியா என்று ஒரே இனத்துக்குள் ஒரு பிளவுக் கோடும் விழுந்தது.

கரையோர நகரங்களின் நீர்த்திட்டங்கள் அனைத்திலும் இந்த முடிச்சு உண்டு. நீர் தேவைப்படுவது சனநெருக்கம் மிகுந்த கரையோரத்தில். நீர் இருப்பது உள்நாட்டுக் குளத்தில். மட்டக்களப்பு, காத்தான்குடிப் பகுதிகளுக்கு நீர் தருவது உன்னிச்சைக் குளமே. அக்குளத்தை அண்டிய கிராமத்தவர்கள் தமக்குக் குடிநீர் இல்லையென்று குரலெழுப்பியமையையும் நாம் கண்டோம். குழாய் எந்த ஊர்களினூடாகச் செல்கிறதோ அந்த ஊர்களுக்கு முதலில் நீர் கொடுத்துவிட்டு அப்பாற் செல்வது தர்மம் மட்டுமல்ல, காலத்தை மிச்சப்படுத்தும் வழியுமாகும்.

இரணைமடு கைகூடாத நிலையில் கடலை நோக்கித் திரும்பியது திட்டம். 2017 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி மேலதிகக் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் நிலையம், சுமார் 300,000 மக்கள் பயனாளிகள் என்பது இலக்கு. இங்கும் எதிர்ப்பு எழுந்தது. இம்முறை மருதங்கேணி, தாளையடிக் கடற்றொழிலாளரிடமிருந்து. அவர்களது அச்சத்தைப் புரிந்துகொள்ள இந்நிலையம் இயங்கும் விதத்தைச் சற்று அறிய வேண்டும். கடல்நீரை மிக உயர்ந்த அழுத்தத்தில் மென்சவ்வுகளினூடாகத் தள்ளும்போது நீர் கடந்து செல்ல, உப்பு பின்தங்குகிறது. எடுக்கும் நீரில் நூற்றுக்கு நாற்பது பங்கு நன்னீராகிறது என்று கொண்டால், 24,000 கனமீற்றருக்காக 60,000 கனமீற்றர் கடல்நீரை உள்ளெடுக்க வேண்டும். மிஞ்சும் 36,000 கனமீற்றர் செறிந்த உப்புநீராகக் கடலுக்கே திரும்பும். ஆழமும் நீரோட்டமும் உள்ள இடத்தில் பரவலாக வெளியேற்றினால் அது விரைவிற் கலந்துவிடும். கரையோரமாகக் கொட்டினால் அடியிற் படிந்து கடற்படுக்கை உயிரினங்களைப் பாதிக்கும். ஆகவே கேள்வி குழாயின் நீளத்தையும் இடத்தையும் பற்றியது. அதைக் கரைவலை இழுப்பவரோடு வரைபடத்தை விரித்துவைத்துப் பேசியிருந்தால் ஆர்ப்பாட்டங்கள் பலவற்றுக்கு அவசியமிருந்திராது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் பிரதேச செயலகத்தில் பார்வைக்கு வைக்கப்படுவதுண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அத்தகையதோர் ஆவணத்தை எத்தனை மீனவர் போய் வாசிப்பர் என்று எவரும் கேட்பதில்லை.

பின்னர் வந்தவை எவராலும் முன்கூட்டிக் காண முடியாதவை. 2020 இல் கொவிட் பெருந்தொற்று, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்தியமை, எரிபொருள் இன்மை, இறக்குமதித் தடைகள். இவற்றுக்கு எந்தப் பொறியியலாளரையும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் ஒன்றைக் கூறலாம். முன்னைய தாமதங்கள் இல்லாதிருந்தால் இந்த நெருக்கடிகள் வருமுன்பே பணி முடிந்திருக்கும். தாமதம் தாமதத்தைப் பெறுகிறது.

அதன் விலை என்ன? 2010 இறுதியில் அமெரிக்க டொலர் ஒன்று 111 ரூபா அளவில் இருந்தது. நிலையம் திறக்கப்பட்டபோது 300 ரூபா அளவில் இருந்தது. மென்சவ்வும் பம்பிகளும் டொலரில் வாங்கப்படுபவை. இவற்றோடு, வெளியே அதிகம் பேசப்படாத ஒரு கட்டணமும் உண்டு. ஒப்புக்கொள்ளப்பட்டு, எடுக்கப்படாமற் கிடக்கும் கடனுக்கும் வங்கிகள் ‘ஈடுபாட்டுக் கட்டணம்’ அறவிடுகின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் சாதாரண மூலதன வளத்திலிருந்து வரும் கடனுக்கு இது ஆண்டுக்கு 0.15 வீதம். 100 மில்லியன் டொலர் ஓராண்டு கைபடாமல் இருந்தால் 150,000 டொலர். பெருந்தொகையல்ல, எனினும் ஒரு சொட்டு நீரும் வராமலே செலுத்தும் பணம் அது.

பெரிய சர்ச்சைகள் பத்திரிகைகளில் இடம்பெறும். நாட்களைத் தின்பவை பெரும்பாலும் சிறியவை. வீதியோரம் குழாய் பதிக்க வேண்டுமெனில், வீதியின் வகையைப் பொறுத்து வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதித் திணைக்களம், உள்ளூராட்சி மன்றம் ஆகிய மூன்று உரிமையாளர்களிடம் அனுமதி பெறவேண்டும். கரையோர வலயமெனில் கரையோரப் பேணல் திணைக்களம். மேனிலை நீர்த்தாங்கிக்குக் காணி கேட்டால், அக்காணியின் உறுதியில் பெயருள்ளவர்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பர். காப்பெற் இடப்பட்ட வீதி ஆறு மாதங்களில் குழாய்க்காகத் தோண்டப்படும் காட்சி நாட்டின் எந்தப் பகுதிக்கும் புதிதல்ல. கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்னரே காணியும் அனுமதிகளும் கைக்கு வந்திருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகக் கைக்கொண்டாலே பல மாதங்கள் மிஞ்சும். ஒப்பந்தக்காரரிடம் தளத்தை உரிய நாளில் ஒப்படைக்கத் தவறினால், கால நீடிப்பையும் அதற்கான மேலதிகக் கொடுப்பனவையும் கோரும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடுகிறது. பின்னர் உண்மையாகவே அவர் பிழை செய்யும்போதும் கையைப் பிடிக்க முடிவதில்லை.

இனி நாம் சொல்லவந்த மற்றைய பாதிக்கு வருவோம். 2010 இன் திட்டப் பெயரிலேயே ‘சுகாதாரம்’ என்ற சொல் இருந்தது, யாழ். நகரில் ஒரு பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பும் சுத்திகரிப்பு நிலையமும் அதில் அடங்கியிருந்தன. நீர் மூலம் பற்றிய இழுபறியிலும் செலவு ஏற்றத்திலும் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. எந்தத் திட்டத்திலும் பணம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது கழிவுநீரே. குடிநீர்க் குழாயைத் திறந்து வைக்க அமைச்சர்கள் வருவர். மலக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நாடா வெட்ட விரும்புவோர் அரிது. தமது ஊரில் அந்நிலையம் அமைவதை விரும்புவோரும் அரிது. இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் குழாய் வழிக் கழிவகற்றல் வசதி பெற்றோர் நூற்றுக்கு இரண்டு பேரளவே.

இதில் உள்ள ஆபத்து பலருக்கும் உடனே புலப்படுவதில்லை. கிணற்றில் வாளியால் அள்ளிப் பாவிக்கும் வீட்டைவிடக் குழாய்நீர் உள்ள வீடு கூடுதலான நீரைப் பாவிக்கும். பாவித்த நீர் மறைந்துவிடுவதில்லை. குழிக்குட் செல்கிறது, குழியிலிருந்து சுண்ணாம்புப் பாறைக்குட் செல்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி விடவேண்டும் என்பர். மணல் நிலத்திற்கு ஓரளவு பொருந்தும் இந்த அளவு, வெடித்த பாறையில் பெரிதாக எதையும் காப்பதில்லை. மேலும் அந்த 50 அடி எங்கே இருக்கிறது? 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பிவந்து குடியேறிய சோனகத் தெருப் பகுதியில், சிறு காணித் துண்டுகளில் கிணறும் மலசலகூடமும் அருகருகே அமைவதைத் தவிர வேறு வழி இல்லை. குருநகர், நாவாந்துறைக் கரையோரக் குடியிருப்புகளின் நிலையும் வேறல்ல. குடிநீரைக் கடலிலிருந்து கொண்டுவந்து, பல தலைமுறைகள் நம்பியிருந்த நிலத்தடி நீரை அதே குடிநீரின் கழிவால் கெடுப்பதென்பது விந்தையான அபிவிருத்தியாகும்.

காத்தான்குடியில் இது இன்னும் கூர்மையானது. நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் நகரங்களில் ஒன்று, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடலில் அமைந்துள்ளது. மணலில் சில அடிகள் தோண்டினாலே நீர். அதே மணலிலேயே ஒவ்வொரு வீட்டுக் குழியும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் 2004 ஆழிப்பேரலை கிணறுகளை உப்பாக்கியபோது, அவற்றை அவசர அவசரமாக இறைத்துச் சுத்தம் செய்ய முயன்றமை சில இடங்களில் மேலும் உவர்நீரையே இழுத்துவந்தது என்பதையும் பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். கற்பிட்டியின் மணற்படுக்கை நீரிலும் நைத்திரேற்றுப் பிரச்சினை உண்டு. நிலத்தின் தன்மை இடத்துக்கிடம் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

முழு நகருக்கும் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வரை காத்திருந்தால் இன்னுமொரு பதினான்கு ஆண்டுகள் கழியும். அதற்கு முன் செய்யக்கூடியவை உண்டு. முதலாவது காணி. சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடத்தை இப்போதே ஒதுக்கி, வரைபடத்திற் குறித்து, சுற்றியுள்ளோருடன் பேசி முடிக்க வேண்டும்; நகரம் வளர வளர அந்த இடம் கிடைக்காது, கிடைத்தாலும் எதிர்ப்பு இரட்டிக்கும். அடுத்தது குழிகள். அடிப்பாகம் திறந்த குழிகளுக்குப் பதிலாக நீர் கசியாத தாங்கிகளைப் புதிய கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. கட்டட அனுமதி வழங்குவது அவர்களே. ஆயினும் தாங்கி நிறைந்தால் பவுசர் வரவேண்டும், பவுசர் எடுத்துச் செல்வதைச் சுத்திகரிக்க நிலையம் வேண்டும். இல்லாவிடில் வீட்டிலிருந்து அகற்றிய மலக்கழிவு வயல்வெளியிலோ வாவிக்கரையிலோ இரவோடிரவாகக் கொட்டப்படும். எனவே மலக்கழிவைச் சுத்திகரிக்கும் சிறு நிலையமொன்றே முதலில் நிறுவப்பட வேண்டியது. அதற்கான செலவு முழு வலையமைப்பின் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று. வைத்தியசாலை, சந்தை, விடுதிகள் போன்ற பெரும் பாவனையாளர்கள் தமது வளாகத்திலேயே சுத்திகரிக்க வேண்டுமென்ற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் வேளையில் வெளியேறும் நீரை உண்மையாகவே சோதித்தாற் போதும்.

இனித் தோண்டப்படும் நகர வீதிகளில், குடிநீர்க் குழாயிலிருந்து உரிய தூரத்தில், கழிவுநீர்க் குழாய்க்கான வழியையும் அதே வேளையில் ஒதுக்கிவிடலாம். இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் வீதித் திணைக்களங்களும் மாநகர சபையும் ஒரே மேசையில் அமர்ந்தாற் போதும். மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டங்களில் குடிநீர் இணைப்புகளின் எண்ணிக்கை பற்றிக் கேட்கும் மக்கள் பிரதிநிதிகள், அடுத்த கூட்டத்தில் சுத்திகரிப்பு நிலையத்துக்கான காணி எங்கே என்று கேட்டு, விடையைக் கூட்ட அறிக்கையில் பதியச் செய்யட்டும்.