அருளும் மீட்பும்: முத்துக்குளித்துறை கண்ட சில சொற்கள்

“நம்பினால் போதும், நற்செயல் வேண்டா என்பதே கிறித்தவம்” என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். நம் மாணவரும் வகுப்பில் இதையே கூறக் கேட்டிருக்கிறோம். பிறர் கொள்கையை அவர்கள் கொண்டவாறே எடுத்துரைத்தல் அல்பீரூனி காட்டிய வழி. தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாக அண்டை அயலாராக வாழ்ந்தும் அதை நாம் தவறவிடுவது முறையன்று.

பவுலின் மடல்களில் ‘காரிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் வருகிறது. தகுதி நோக்காது வழங்கப்படும் கொடை என்பது அதன் பொருள். அரபு விவிலியம் இதனை ‘நிஃமத்’ என்கிறது. எபேசியர் மடலின் இரண்டாம் இயல், மீட்பு மனிதனின் ஈட்டமன்று, கொடையே என்கிறது. அடுத்த வரிகளிலேயே மனிதன் நற்செயலுக்காகப் படைக்கப்பட்டான் என்றும் கூறுகிறது. ஆக, நற்செயல் மீட்பின் காரணமன்று, விளைவு. செயலற்ற நம்பிக்கை உயிரற்றது என்பது யாக்கோபின் மடல். இதில் எழுந்த பிணக்கே லூத்தரையும் ரோமாபுரியையும் பிரித்தது. இரு தரப்பாரும் 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர்.

இக்கடற்கரைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் சவேரியார் வந்தார். 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அன்றீக்கஸ் அடிகளார், சமயச் சொற்கள் பலவற்றைப் போர்த்துக்கீசிய ஒலியிலேயே விட்டுவைத்தார். பின்வந்த கத்தோலிக்கர் ‘பிரியதத்தம்’ என்றனர். அன்போடு தரப்பட்டது என விரியும் அழகிய ஆக்கம் அது. சீர்திருத்தச் சபையார் ‘கிருபை’ என்றனர். இன்று கத்தோலிக்கர் வழக்கில் ‘அருள்’ நிலைத்துவிட்டது. ‘மீட்பு’ என்பதோ அடகுப்பொருளை மீட்கும் அதே சொல். விலை தந்து அடிமையை விடுவித்தல் என்னும் கிரேக்க மூலப்பொருளுக்கு இது மிக நெருங்கியது, அரபியில் ‘ஃபிதா’.

நாம் வேறுபடும் இடம் அந்த விலையே. சிலுவை மரணம் மனிதரின் பாவத்துக்கு ஈடு என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதம் (அலை) இறைஞ்ச, இறைவன் மன்னித்தான் (2:37). ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை (6:164) என்கிறது திருக்குர்ஆன். மன்னிப்புக்கு ஈட்டுப்பலி தேவைப்படவில்லை. ஆயினும், எவரையும் அவரது செயல் மட்டுமே சுவனத்தில் சேர்க்காது, அல்லாஹ்வின் ரஹ்மத் சூழ்ந்தாலன்றித் தம்மையும் சேர்க்காது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளனர். இதைச் சொன்னபோதுதான் நம் வகுப்பில் அந்தப் பழைய கேள்வி வேறு வடிவில் எழுந்தது: “அப்படியானால் அமல் எதற்கு?” எபேசியர் மடலை எடுத்த எடுப்பில் நகைத்த மாணவரே அதைக் கேட்டார்.