பழைய மோட்டார் சைக்கிளில் செயின் ஏன் தளர்கிறது?

கொஸ்லந்தைப் பக்கம், மீரியபெத்த போன்ற தோட்டங்களின் மலைப்பாதைகளில் மழைச் சேறும் மணலும் செயினில் அப்பிக்கொள்ளும். செயின் தளர்வது உருக்கு இழுபட்டு நீள்வதால் அல்ல. அந்தச் சேற்றாலும் மணலாலும் கண்ணிகளுக்குள் இருக்கும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. 12.7 மி.மீ. கண்ணி ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. தேய்ந்தால், 100 கண்ணிக்கு 10 மி.மீ. நீளம் கூடிவிடும்.

எப்படிச் சரிசெய்வது? பின்சில்லு அச்சின் நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டரையும் குறி பார்த்துச் சமமாகத் திருப்பவேண்டும். துருப்பிடித்திருந்தால் முதலில் எண்ணெயில் ஊறட்டும். அவசரப்பட்டால் போல்ட் முறியும். செயினின் கீழ்ப்பக்க நடுவில் கையேடு சொல்லும் ஆட்டம், பல வண்டிகளில் 20–30 மி.மீ., இருக்கவேண்டும். பள்ளத்தில் சில்லு ஏறி இறங்கும்போது பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மாறும். அதற்கு இடம் விடாமல் அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் கெடும். அச்சைப் பின்னே நகர்த்தினால் டிரம் பிரேக்கும் இறுகும். அதையும் சரிபார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.