ஆச்சிக்கு யார் பதில் சொல்வது?

கப்பல்துறையில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து மாதங்கள் பல சென்றும் யாதொரு விபரமும் வராமையால், பேரன் கலண்டரின் ஓரத்திலே பெரிதாக எழுதிவைத்துப் போன இலக்கத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும், கைத்தொலைபேசியின் பொத்தான்களை அழுத்தியதை ஒரு பிற்பகலில் பக்கத்திலிருந்து பார்த்தேன். எந்த மொழிக்கு எந்தப் பொத்தான் என்று பதிவுக் குரல் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய விரல் தடுமாறிவிட்டது. மறுபடி எடுத்தபோது ஒருவர் சிங்களத்திலே ஏதோ வினவ, "தமிழ்ல சொல்லுங்கோ மோனே" என்று ஆச்சி இறைஞ்சியதும் இணைப்பு அறுந்துபோயிற்று. "எனக்குத்தான் காது சரியில்லப் போல" என்று அவர் தம்மையே நொந்துகொண்டதுதான் என் நெஞ்சை அதிகம் வருத்திற்று.

ஆச்சி கேட்டது யாருடைய தயவையுமல்ல. இலங்கையில் 60 வயதை எட்டியவர்களின் உரிமைகளைக் காக்கவென்றே 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டு, தேசிய முதியோர் சபையும் அதன் செயலகமும் ஸ்தாபிக்கப்பட்டன. அரசாங்கக் காரியாலயத்துக்குத் தமிழில் எழுதவும் பேசவும் பிரஜைக்குள்ள உரிமையை 1988இல் வந்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்தது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கமும் இருக்கிறது. இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், தொலைபேசியை எடுப்பவரிடம் இரண்டு நிமிஷப் பொறுமை இல்லையானால், ஆச்சியைப் பொறுத்தவரை சட்டம் கடதாசியோடு நின்றுவிடுகிறது.

அவருக்குக் கடைசியில் துணைநின்றது ஊரின் முதியோர் சங்கமே. அதன் காரியதரிசி, ஓய்வுபெற்ற வாத்தியார், ஆச்சியின் அருகே பாயில் அமர்ந்து, விண்ணப்பம் கொடுத்த திகதியையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டுக் கேட்டுக் கடிதமெழுதி, பிரதி ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து, "ஆச்சி, நாளைக்கு நானும் வாறன்" என்றார். மறுநாள் இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போய், முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை நேரிலே கண்டபோது, காரியம் அரை மணி நேரத்தில் தெளிவாயிற்று.

எல்லாச் சங்கத்திலும் இப்படி ஒரு வாத்தியார் வாய்ப்பார் என்று அரசு இருந்துவிடலாகாது. முதியோருக்கென்று இலக்கம் வைத்திருக்கும் ஒவ்வொரு காரியாலயமும், தமிழ் தெரிந்த ஒருவரை அந்தத் தொலைபேசியின் அருகிலே இருத்தட்டும். அவர் ஒருமுறை சொன்னதை மறுமுறையும் நிதானமாகச் சொல்லட்டும்.