இலவச நிரலுக்கும் சொந்தக்காரர் உண்டு

கால் சென்டருக்கு ஒன்று, மருத்துவமனை வரவேற்பறைக்கு ஒன்று என்று இணையத் தொலைபேசி மென்பொருளைக் கேட்டபடி செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்கள் இப்போது நிறைய. எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து தாங்களே எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஓப்பன் சோர்ஸில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம், அதில் தவறேதும் இல்லை. எடுத்ததோடு கூடவே வரும் கடமைகளை மறப்பதில்தான் வினை இருக்கிறது. அப்படி எடுத்து மறந்துபோகும் பகுதிகளில் ஒன்று டொமைன் பெயருக்கு உரிய முகவரியை டிஎன்எஸ்ஸில் தேடும் நிரல்.

அதை ஏன் வெளியிலிருந்து எடுக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். இணைய அழைப்புகளுக்கான சிப் (SIP) முறையில் ஓர் அழைப்பு போக வேண்டுமானால், டொமைன் பெயருக்குப் பின்னால் இருக்கும் சர்வரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழியை 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3263 வகுத்தது. யுடிபியா, டிசிபியா, டிஎல்எஸ்ஸா என்று அறிய நாப்டர் பதிவு. எந்த சர்வர், எந்தப் போர்ட், அது படுத்துவிட்டால் அடுத்தது எது என்று அறிய எஸ்ஆர்வி பதிவு. ஐபி முகவரி அதற்கும் பிறகுதான். ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வரும் வழக்கமான ஃபங்ஷன் இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமே உதவும். அதுவும் பதில் வரும்வரை அழைத்த நிரலை அசையவிடாது. ஒரே நேரத்தில் நூறு அழைப்புகளைக் கவனிக்கும் மென்பொருளுக்கு இது கட்டுப்படியாகாது. எனவே காத்து நிற்காமல் கேட்கத் தெரிந்த நிரலைத் தேடிப் போகிறார்கள். எம்ஐடியில் கிரெக் ஹட்சன் எழுதிய ஏரஸ், அதிலிருந்து கிளைத்து டேனியல் ஸ்டென்பர்க் வளர்த்த சி-ஏரஸ், பிஜேசிப் என்ற சிப் மென்பொருள் தொகுப்பிலேயே இருக்கும் ரிசால்வர் என்று பல உண்டு.

இவை எல்லாம் இலவசம், ஆனால் உரிமங்கள் வேறு வேறு. சி-ஏரஸின் எம்ஐடி உரிமம் கேட்பது மிகக் குறைவு: காப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் அப்படியே கூடவே கொடுங்கள், போதும். அந்தச் சில வரிகளைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிஜேசிப் கதை வேறு. விற்கும்போது மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தை ஏற்க வேண்டும், இல்லையேல் பணம் கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். அதன் டிஎன்எஸ் கோப்பை மட்டும் உருவி, மூலநிரல் தராமல் விற்கும் ஆப்பில் ஒட்டினாலும் ஜிபிஎல் தொடர்ந்து வரும். நம் நாட்டு 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. தடை உத்தரவு, நஷ்டஈடு இரண்டையும் உரிமையாளர் கேட்கலாம்; தெரிந்தே மீறினால் குற்றவியல் தண்டனையும் உண்டு.

"நாங்கள் வாங்கி விற்கிறோம், உள்ளே இருப்பதற்கு நாங்களா பொறுப்பு?" என்று கேட்பவர்களுக்கு ஸ்கைப் வழக்கைச் சொல்ல வேண்டும். எஸ்எம்சி நிறுவனம் தயாரித்த வைஃபை தொலைபேசி ஒன்றை ஸ்கைப் தன் இணையதளத்தில் விற்றது. உள்ளே இருந்தது லினக்ஸ். மூலநிரலையோ ஜிபிஎல் வாசகத்தையோ முறையாகத் தரவில்லை என்று லினக்ஸ் நிரலாளர் ஹரால்ட் வெல்டே வழக்குப் போட்டார். பிறகு ஸ்கைப் ஓர் இணைய முகவரி அச்சிட்ட தாளைப் பெட்டியில் வைத்துப் பார்த்தது. கருவியைக் கையில் கொடுத்து விற்கும்போது அது போதாது என்று 2007-இல் ம்யூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை 2008 மே மாதத்தில் ஸ்கைப்பே திரும்பப் பெற்றது. அங்கே பிரச்சினை டிஎன்எஸ் நிரல் இல்லை, லினக்ஸ் கெர்னல். ஆனாலும் தயாரித்தவர் இருக்க, விற்றவர் மாட்டிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள்.

உரிமச் சிக்கலாவது வக்கீல் நோட்டீஸோடு வரும். பாதுகாப்புச் சிக்கல் சொல்லாமல் வரும். முன்பின் தெரியாத சர்வர் அனுப்பும் பதிலைப் பிரித்துப் படிப்பதே டிஎன்எஸ் நிரலின் வேலை. அங்கே ஒரு பைட் கணக்குத் தப்பினாலும் ஆபத்து. சி-ஏரஸில் பதிலைப் படிக்கும் முன்பே, கேள்வியைத் தயாரிக்கும் இடத்திலேயே அப்படி ஒரு பைட் தப்பியது. 1.0.0 முதல் 1.11.0 வரை எல்லாப் பதிப்புகளிலும் இருந்த அந்தப் பிழையை வேறு சில ஓட்டைகளோடு கோத்து, குரோம் ஓஎஸ்ஸில் ரூட் அதிகாரம்வரை போக முடிந்தது. 2016 செப்டம்பரில் 1.12.0 வந்து அதை அடைத்தது. பிஜேசிப் ரிசால்வரில் 2022-இல் பஃபர் ஓவர்ஃப்ளோ ஒன்று தெரியவந்தது, 2.12 வரை எல்லாப் பதிப்பிலும் அது இருந்தது. அதைச் சரிசெய்து முடித்தாயிற்று என்று இருந்தவர்களுக்கு அடுத்த ஆண்டே இன்னொன்று. பதிலைப் பிரிக்கும் பகுதியில் முன்பு இருந்த அதே வகைப் பிழை, கேள்வியைப் பிரிக்கும் பகுதியிலும் இருந்திருக்கிறது. 2.13-உம் அதற்கு முந்தையவையும் அதில் சிக்கின.

லைப்ரரியாக இணைத்தவர்கள் புதிய பதிப்பை இழுத்துக்கொண்டு தப்பித்தார்கள். கோப்பைக் காப்பியடித்து, ஃபங்ஷன் பெயரையும் மாற்றி, தன் நிரலுக்குள் புதைத்தவருக்கு அந்தத் திருத்தம் தானாக வந்து சேராது. பெயரையும் பதிப்பு எண்ணையும் வைத்துத் தேடும் ஸ்கேனருக்கும் அது அகப்படாது. அப்படிப் புதைத்தவர் வேலையை விட்டுப் போயிருந்தால், அப்படி ஒரு நிரல் உள்ளே இருப்பதே நிறுவனத்துக்குத் தெரியாது.

ஆகவே லைப்ரரியாகவே இணையுங்கள். காப்பியடித்தே ஆக வேண்டுமென்றால் எங்கிருந்து, எந்தப் பதிப்பு, என்ன உரிமம், என்ன மாற்றினோம் என்பதைக் கோப்பின் தலையிலேயே எழுதி வையுங்கள். பிஜேசிப்பை உடனே புதுப்பிக்க முடியாதவர்கள் அதன் சொந்த ரிசால்வரை அணைத்து வைக்கலாம். பிஜேசிப்பை உருவாக்குவோரே சொன்ன தற்காலிக வழி அது. அதற்கு விலையும் உண்டு: வேறொரு ரிசால்வரைப் பொருத்தும்வரை எஸ்ஆர்வி வழியாக மாற்று சர்வருக்குத் தாவும் வசதி போய்விடும். ஜிபிஎல்லை மீறிவிட்டதாகக் கடிதம் வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பில் முதல் முறை தவறியவர், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் முழுமையாகத் திரும்பும். இரண்டாம் பதிப்பின் வாசகத்தில் அந்தச் சலுகை இல்லை.

ஐபி போனோ ஆப்போ வாங்கும் நீங்கள், அமைப்புகளில் உரிமப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியில் ஜிபிஎல் நிரல் இருந்து, மூலநிரல் கூடவே வரவில்லை என்றால், அதைத் தருவதாக எழுத்துமூலம் உறுதி இருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பின்படி அது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கூடவே விற்றவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: டிஎன்எஸ் பகுதி எந்தப் பதிப்பு, கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? பதில் வராத இடத்தில் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காதீர்கள்.