இத்தாலிய வினைகளில் அசையும் அழுத்தமும்

இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் இடம் மாறினால் காலமே மாறிவிடும். 'பார்லொ' என்றால் 'பேசுகிறேன்'. அழுத்தம் கடைசி அசைக்குப் போய் 'பர்லோ' ஆனால் 'பேசினான்' அல்லது 'பேசினாள்'. இக்கட்டுரையில் அழுத்தம் பெறும் அசை நெடிலாகவும் மற்றவை குறிலாகவும் எழுதப்பட்டுள்ளன.

ஒவ்வோர் அசைக்கும் உயிரே மையம். இரண்டு உயிர்களுக்கு இடையே வரும் ஒற்றை மெய் அடுத்த அசையைச் சேரும்: வெ-தே-ரெ (பார்த்தல்). இரட்டித்த மெய் நடுவில் பிரியும்: மேத்-தெ-ரெ (வைத்தல்). ல், ர், ம், ன் ஆகியவற்றை அடுத்து வேறு மெய் வந்தாலும் இப்படியே: பார்-லொ. ஆனால் எழுத்தில் பிரிக்கும்போது 'ஸ்' அடுத்து வரும் வேறு மெய்யோடு சேர்ந்து நிற்கும்: அ-ஸ்பேத்-தொ (காத்திருக்கிறேன்). மெய் இரட்டிப்பதும் பொருளை மாற்றும்: பர்-லெ-ரே-மொ எதிர்காலம், பர்-லெ-ரேம்-மொ நிபந்தனை வடிவம்.

'பார்லொ' போன்ற வினைகளின் நிகழ்காலத்தில் ஒருமை வடிவங்கள் மூன்றிலும் அழுத்தம் பகுதியில் விழும்: பார்-லொ, பார்-லி, பார்-ல. 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் அது விகுதிக்கு நகரும்: பர்-லியா-மொ, பர்-லா-தெ. 'அவர்கள்' வடிவமோ படர்க்கை ஒருமையோடு 'னொ' சேர்ந்தது போல அமையும். அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும்: பார்-ல-னொ. 'வசிக்கிறான்' என்னும் ஆ-பி-த, பன்மையில் ஆ-பி-த-னொ ஆகும்போது அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசையில் இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

வினையின் மூல வடிவம் 'அரெ', 'இரெ' என முடிந்தால் அழுத்தம் விகுதியில்: பர்-லா-ரெ, தொர்-மீ-ரெ (உறங்குதல்). 'எரெ' என முடிபவற்றுக்குப் பொது விதி இல்லை. வெ-தே-ரெ விகுதியில் அழுந்தும். ஸ்க்ரீ-வெ-ரெ (எழுதுதல்) பகுதியில் அழுந்தும். இவற்றைச் சொல் சொல்லாகத்தான் கற்க வேண்டும்.

பல அசைச் சொல்லில் கடைசி அசை அழுந்தினால் மட்டுமே எழுத்தில் அழுத்தக்குறி கட்டாயம். ஆகவே கா-பி-தொ (வந்து சேர்கிறேன்), க-பீ-தொ (புரிந்தது) இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படும். க-பி-தோ (வந்து சேர்ந்தான்) மட்டும் குறி பெறும். முதலிரண்டில் எது என்பதை வாக்கியத்தின் பொருளே காட்டும்.

ஏவல் வினையோடு ஒட்டும் பிரதிப்பெயர்களும் அழுத்தத்தை நகர்த்துவதில்லை. 'தொலைபேசியில் அழை' என்னும் தெ-லே-ஃபொ-ன, 'என்னை அழை' என்றாகும்போது தெ-லே-ஃபொ-ன-மி. சொல் நீண்டாலும் அழுத்தம் 'லே'யிலேயே நிற்கிறது.